சில்லறையில் தொடங்கும் தேடல்



பேச்சுக்குப் போகுமுன் எல்லோரும் ஒரு வேலை செய்யுங்கள். சட்டைப்பையிலோ பர்ஸிலோ கைப்பையின் அடியிலோ கிடக்கும் சில்லறையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து, எதுவானாலும் சரி. அதில் ஆண்டு எண் எங்கே இருக்கிறதென்று தேடுங்கள். அந்த எண்ணுக்கு நேர் கீழே, காசைக் கொஞ்சம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடுகில் கால்வாசி அளவுக்கு ஏதாவது தெரிகிறதா?

முன்வரிசை அம்மா "நட்சத்திரம் மாதிரி இருக்கு" என்கிறார். சரியாகப் பார்த்தீர்கள் அம்மா. உங்கள் காசு ஐதராபாத்தில் அடித்தது. வைரக்கல் போல நாலு மூலையாக ஒரு புள்ளி இருந்தால் மும்பை. உருண்டையான புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லாமல் வெறுமையாக இருந்தால் கொல்கத்தா. இந்திய அரசுக்கு இன்று இருக்கும் நாணயச்சாலைகள் இந்த நான்குதான். மும்பையும் கொல்கத்தாவும் கம்பெனி காலத்திலிருந்து வருபவை. நொய்டா 1988-இல் வேலையைத் தொடங்கியது. சென்னையிலும் ஒரு காலத்தில் நாணயச்சாலை இருந்தது. அது மூடப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் ஊர் அதன் பெயரைத் தங்கசாலைத் தெருவில் பத்திரமாக வைத்திருக்கிறது.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காலையில் டீக்கடையில் மீதியாக வாங்கிய காசு எந்த ஊரில் பிறந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நாணயச் சேகரிப்பு என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான்.

இன்னும் கொஞ்சம் தோண்டலாம். உள்நாட்டு நாணயச்சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத காலங்களில் அரசு வெளிநாட்டில் காசு அடித்து வரவழைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய் கிடைத்தால் ஆண்டுக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹீட்டன் நிறுவனம் அடித்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிய ஐந்து ரூபாய்க் காசுகளில் சில மாஸ்கோவிலிருந்து வந்தவை. அதே காலத்து ஒரு ரூபாயில் சில ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்ஸா என்ற சிற்றூரில் அடித்தவை. ஸ்லோவாக்கியாவில் பிறந்த காசைக் கொடுத்து நம் ஊர்ப் பேருந்தில் டிக்கெட் வாங்கியிருக்கிறோம், தெரியாமலே.

புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. முதல் ஓராண்டுக்குக் காசு கொடுத்துக் காசு வாங்காதீர்கள். கைக்கு வருவதைப் படிக்கப் பழகுங்கள். இன்று ஆர்வத்தோடு வருகிற இளைஞர்கள் பலர் முதல் வாரமே ஆல்பம் வாங்கி, இரண்டாம் வாரமே யாரிடமோ மொத்தமாக இருநூறு காசு வாங்கி அதில் செருகிவிடுகிறார்கள். மூன்றாம் மாதம் ஆல்பம் பரணில் ஏறிவிடுகிறது. வாங்கியதில் ஒன்றோடும் அவர்களுக்குப் பழக்கம் ஏற்படவில்லை, அதுதான் காரணம்.

நான் எப்படித் தொடங்கினேன் என்று சொன்னால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். அப்பத்தாவின் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி இவற்றோடு சட்டைப் பொத்தான் அளவில் கறுத்துப்போன செப்புக்காசு ஒன்று எப்போதும் கிடக்கும். எதற்கும் செல்லாது. ஆனாலும் அப்பத்தா அது செலவாகிவிடுமோ என்பது போலப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும். எனக்குப் பதினொரு வயதானபோது ஒருநாள், "இந்தாடா, வச்சுக்க. அம்மன் காசு. தொலைச்சுப்புடாத" என்று என் கையில் கொடுத்தது.

அன்று மதியமே நான் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். வீட்டில் செப்புக்குடத்தை எப்படி விளக்குவார்கள் என்று பார்த்திருக்கிறேன். புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். கறுப்பு போய்ச் செம்பு பளபளவென்று வந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினேன். பல ஆண்டுகள் கழித்து, நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனபோது அவர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, அம்மனோட முகம் இதுல இருந்துச்சுப்பா."

அந்த முகத்தை நான்தான் தேய்த்து அழித்தேன். எத்தனையோ கை மாறி அந்தக் காசு அப்பத்தாவின் பைக்கு வந்தது. அத்தனை பேர் கையிலும் தேயாத மூக்கும் கண்ணும் என் கையில் ஒரே மதியத்தில் போயின. காசின் மேல் படியும் அந்தக் கறுப்புப் படலம் அழுக்கல்ல. செம்பும் வெள்ளியும் காற்றோடு சேர்ந்து தாமாகப் போர்த்திக்கொள்ளும் தோல் அது. அடியில் இருக்கும் உலோகத்தை அதுதான் காக்கிறது. புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி, பித்தளை பாலிஷ் எதுவும் காசின் மேல் படவே கூடாது. ஒட்டியிருக்கும் மண் மட்டும் போக வேண்டுமென்றால் சுத்தமான தண்ணீரில் ஊறப்போட்டு எடுங்கள். மெத்தென்ற துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். அதற்கு மேல் ஏதாவது செய்யத் தோன்றினால் ஒரு மாதம் பொறுங்கள். பெரும்பாலும் அந்த எண்ணமே போய்விடும்.

அந்தப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தம் பெட்டியிலிருந்து தேயாத ஓர் அம்மன் காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இப்ப படி" என்றார். அன்று நான் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள். திருக்கோகர்ணத்து அம்மன், தொண்டைமான் அரசர்களின் குலதெய்வம். தொலைந்த பொருள் கிடைக்க நம் வீடுகளில் அரைக்காசு அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறோமே, அந்த அம்மன்தான். காசில் குடியேறியதால் வந்த பெயர் அது. மறுபக்கம் சுழித்துச் சுழித்து ஓர் எழுத்து. தமிழ் என்று நினைத்துப் படிக்கப் போனால் வராது. அது தெலுங்கு. 'விஜய' என்று இருக்கிறது. புதுக்கோட்டைக் காசில் ஏன் தெலுங்கு? விஜயநகரத்தாரும் நாயக்கர்களும் ஆண்ட காலந்தொட்டுத் தெற்கே அரண்மனைகளில் தெலுங்கு புழங்கியது. ஆட்சி மாறினாலும் எழுத்து அங்கேயே தங்கிவிட்டது. அணாவுக்கு இருபது என்ற கணக்கில் அம்மன் காசு செலாவணியாக இருந்தது. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பது வழக்கம். 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அம்மன் காசும் சுருக்குப்பைகளுக்குள் போய்விட்டது.

பொத்தான் அளவுச் செம்பில் கோயில், மொழி, அரசு, தானம், ஓர் அரசாட்சியின் முடிவு எல்லாம் இருக்கின்றன. இன்றும் அம்மன் காசு அரிதானதல்ல. வாங்குவதானாலும் பெரிய செலவு வைக்காது. விலைக்கும் ஒரு காசு சொல்லும் சேதிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.

சரி, எதைச் சேர்ப்பது? இது எல்லோரும் கேட்கும் கேள்வி. உலகத்துக் காசையெல்லாம் சேர்ப்பேன் என்று கிளம்பினால் எல்லையே கிடையாது. ஒரு சின்ன வேலி போட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலிக்குள் ஆழமாகத் தோண்டுங்கள்.

மிகச் சுலபமான வேலி ஒன்று சொல்கிறேன். நம் ஊரில் சில கடைகளில் பத்து ரூபாய்க் காசை வாங்க மறுத்தார்கள், நினைவிருக்கிறதா? ஒன்றில் பத்துக் கோடு இருக்கிறது, இன்னொன்றில் பதினைந்து இருக்கிறது, ஒன்றில் ரூபாய்க் குறி இல்லை, ஆகவே ஒன்று கள்ளக்காசு என்றெல்லாம் வதந்தி. ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது: அதுவரை 14 வடிவமைப்புகளில் பத்து ரூபாய்க் காசு வெளியாகியிருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று. மக்கள் எதைக் கண்டு பயந்தார்களோ அதுவே சேகரிப்பாளருக்குச் செல்வம். அந்தப் பதினான்கையும் தேடுங்கள். ரூபாய்க் குறி 2010-இல் வந்தது, காசில் 2011 முதல் வந்தது. ஆகவே குறி இல்லாதவை அதற்கு முந்தியவை. நடத்துனரிடம், காய்கறிக்கடையில், கோயில் வாசலில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மொத்தச் செலவு நூற்று நாற்பது ரூபாய். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேலி எனக்கு மிகவும் பிடித்தது. 1957 ஏப்ரல் 1. அதற்கு முதல்நாள் வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நாலு காலணா, காலணாவுக்கு மூன்று தம்படி. ஆக ரூபாய்க்கு 192 தம்படி. மறுநாள் காலை ரூபாய்க்கு நூறு பைசா. ஒரு நாடு முழுக்கக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய பைசாவோடு குழம்பக் கூடாதென்று 'நயா பைசா', புதுப் பைசா, என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்து ஒரு நயா பைசாவை எடுத்து இந்தி வரியைப் படித்தால், ரூபாயில் நூறில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். பத்து நயா பைசாவில் பத்தில் ஒரு பங்கு. காசே வாத்தியாராக நின்று மக்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. மக்கள் பழகிக்கொண்டார்கள் என்று தெரிந்தபின் 1964 ஜூனில் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஏழே ஆண்டுகள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து, இருபத்தைந்து, ஐம்பது என்று ஆறே மதிப்புகள். தேடி முடிக்கக்கூடிய தொடர்.

ஆனால் வாயில் அணா போகவில்லை. இருபத்தைந்து பைசா நாலணாவாகவும் ஐம்பது பைசா எட்டணாவாகவுமே நம்மிடம் வாழ்ந்தன. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவை ஆயின. காசு போய்விட்டது, நாலணா என்ற சொல் இருக்கிறது. ஒரு தம்படி தேறாது, காலணாவுக்குப் பிரயோசனமில்லை, சல்லிக்காசு தரமாட்டேன் என்றெல்லாம் இன்றும் பேசுகிறோம். இந்தக் காசுகளைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகளும் பேசுகிறார்கள். ஓட்டைக் காலணா பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். இரண்டாம் உலகப்போரில் செம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது 1943-இல் நடுவில் துளை போட்டு அடித்தது. துளை போட்ட அளவுக்குச் செம்பு மிச்சம். அதை அரைஞாணில் கோத்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. காசின் நடுவில் இருக்கும் அந்த வெறுமை போரைச் சொல்கிறது.

மூன்றாவதாக நான் சொல்லும் வேலி, இருபது ஆண்டுகளாக நானே உள்ளே நிற்கும் வேலி: தமிழ் எழுத்து பொறித்த காசுகள்.

இதில் முதல் படிகளுக்கு அதிகம் செலவில்லை. சிங்கப்பூருக்குப் போய்வந்த உறவினர் யாராவது இருந்தால் மீந்த சில்லறையைக் கேளுங்கள். நாலு மொழியில் நாட்டின் பெயர் இருக்கும், அதில் ஒன்று 'சிங்கப்பூர்' என்று நம் எழுத்தில். பிரிட்டிஷ் கால இலங்கைச் சதக் காசில் சிங்களத்தோடு தமிழும் உண்டு. 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கிறது. 2024-இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு நூறு ரூபாயில் 'தமிழ் வெல்லும்' என்று பொறித்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து இல்லாவிட்டாலும் இவற்றோடு சேர்க்கத் தகுந்தது ஒன்று: 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய்களில் திருவள்ளுவர் வந்தார். அது வெகுகாலம் நம் கைகளில் சாதாரணமாகப் புழங்கியது.

அடுத்த படியில் விலை கொஞ்சம் ஏறும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த சிறிய செப்புக்காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் பிரெஞ்சு அரசகுலத்தின் லில்லிப் பூ. திருப்பினால் மறுபக்கம் தமிழில் 'புதுச்சேரி'. பிரெஞ்சு எழுத்து ஒன்றுகூட இல்லை. பாரீசில் இருந்த அரசனுக்காக, நம் ஊர்ச் சந்தையில் கீரை விற்ற கிழவி படிக்கக்கூடிய எழுத்தில் அடித்திருக்கிறார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1807 வாக்கில் வெளியிட்ட இரட்டைப் பணம் என்ற சின்ன வெள்ளிக்காசில் ஆங்கிலம், பாரசீகம், தெலுங்கு, தமிழ் நான்கும் நெருக்கியடித்து நிற்கும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் அமர்ந்த காளையோடு 'சேது' என்ற ஒரே சொல்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அங்கே வாங்குவதற்காகப் போகாதீர்கள், பார்ப்பதற்காகப் போங்கள். சங்ககாலக் காசுகள். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் செப்புக்காசு. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்று தலையுருவத்தோடு வந்த சேரர் வெள்ளிக்காசு. இவற்றைத் தேடிப் படித்து உலகுக்குச் சொன்னவர்களில் முதன்மையானவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பகலெல்லாம் பத்திரிகை வேலை பார்த்த ஒருவர் கையிலிருந்துதான் சங்ககால நாணயவியல் வளர்ந்தது. அதை இங்கே இருக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நாணயப் பகுதிக்கு ஒரு முழு மதியம் ஒதுக்குங்கள். நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு அதைவிடச் சிறந்த பள்ளி தமிழ்நாட்டில் இல்லை.

கண் பழகவில்லையென்றால் என்ன ஆகும்? எனக்கு ஆனதையே சொல்கிறேன். கோயில் நகரம் ஒன்றின் தேரடியில், நடைபாதைக் கடையில், 1840-ஆம் ஆண்டு விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை, அப்போதைய என் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்து வாங்கினேன். விற்றவர் அதைத் தரையில் போட்டு ஒலி காட்டினார். நம்பினேன். ஊருக்கு வந்து நகைக்கடைப் பத்தரிடம் தராசில் வைக்கச் சொன்னேன். ஒன்பது கிராம் சொச்சம் காட்டியது. கம்பெனி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. ஓரளவு தேய்ந்திருந்தாலும் அரை கிராம் குறைவதே அபூர்வம். இரண்டு கிராம் குறையவே குறையாது. ஓரத்தைத் தடவினால் வார்ப்பில் ஒட்டவைத்த தழும்பு நகத்தில் தட்டியது. அடித்த காசுக்கு அந்தத் தழும்பு வராது. இவ்வளவும் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டியவை. வாங்கும் அவசரத்தில் படிக்கவில்லை.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது காசல்ல. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு நல்ல லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சின்ன மின்தராசு, ஒரு காந்தம். மூன்றும் சேர்ந்தே சில நூறு ரூபாய்தான் ஆகும். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சில காசுகளுக்குத் தராசுகூட வேண்டாம். 1818 என்றோ 1616 என்றோ ஆண்டு போட்டு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்றும் இருக்கும் செப்புக்காசு உங்களில் பலர் வீட்டுப் பூசையறையில் இருக்கக்கூடும். பக்திக்கு வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை எந்தக் காலத்திலும் அடித்ததில்லை. அதே காசுக்கு அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, இரிடியம் கலந்தது, கோடிக்கணக்கில் வெளிநாட்டான் கேட்கிறான் என்று சொல்லி, நம் மாவட்டங்களிலேயே குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நிலத்தை விற்று முன்பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. எந்தக் காசும் அரிசியை இழுக்காது.

கைப்பேசியில் வரும் கதையும் இதன் தம்பிதான். வைஷ்ணோதேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் ஐந்து லட்சம், குறிப்பிட்ட ஆண்டு ஒரு ரூபாய்க்கு ஒன்பது லட்சம் என்று விளம்பரம். அந்த வைஷ்ணோதேவி காசு 2012-இல் கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக வந்தது, நல்ல வடிவமைப்பு, அவ்வளவுதான். நீங்கள் தொடர்பு கொண்டால் முதலில் பதிவுக் கட்டணம், அடுத்து வரி என்று கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தினார்கள். அது 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டு, பழைய காசு, நோட்டு விற்பனையில் தான் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அறிவித்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நூறாண்டு கடந்த காசு சட்டப்படி தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. விற்பனை செய்பவருக்கு உரிமம் வேண்டும். ஆகவே ரசீது கேட்டு வாங்குங்கள். வயலில் உழும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ புதையல் கிடைத்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துச் சலித்து எடுத்த காசுகளில் சேரர் காசும் ரோமானியக் காசும் சேர்ந்து வந்தன. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒரே புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கீறல் இருந்தது. ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எந்த இடத்தில், எவையெவை சேர்ந்து, எத்தனை கிடைத்தன என்று தெரிவதால்தான் அந்த வாதமே சாத்தியமாகிறது. அந்த 501-உம் அன்றே ஆளுக்கு ஐந்தாகப் பிரிந்து போயிருந்தால் இன்று நம்மிடம் இருப்பது தங்கம் மட்டுமே.

நீங்கள் சேர்க்கும் சாதாரணக் காசுக்கும் இதே முறைதான். ஒரு நோட்டு போடுங்கள். என்ன காசு, எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எடை எவ்வளவு, யாரிடம், எந்த ஊரில், என்றைக்குக் கிடைத்தது, என்ன கொடுத்தீர்கள். கையால் எழுதுங்கள். என் நோட்டில் ஓரிடத்தில் 'அறந்தாங்கி சந்தை, வெற்றிலைக்காரம்மா, ஓட்டைக் காலணா, காசு வாங்க மறுத்துவிட்டார்கள்' என்று இருக்கிறது. அந்த அம்மா இப்போது இல்லை. என்னிடம் ஓட்டைக் காலணா பத்துப் பதினைந்து இருக்கும். அந்த ஒன்று மட்டும் தனியாக இருக்கிறது.

வைத்திருக்கும் முறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். முகத்தில் விரல் வைத்தால் வியர்வை உப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டில் அவை பச்சைப் பிசின் கக்கிக் காசைக் கெடுத்துவிடும். நடுவில் தெளிவான தாள் வைத்த அட்டைச் சட்டங்கள் கிடைக்கின்றன, அவற்றில் போட்டுப் பின் அடித்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். மோதிரத்துக்காகவும் காசுமாலைக்காகவும் கொக்கி ஒட்டவைத்த ரூபாய்கள் வீட்டில் இருந்தால் கொக்கியைப் பிய்க்க வேண்டாம். சேகரிப்புச் சந்தையில் அதற்கு விலை குறைவுதான். ஆனால் அது உங்கள் பாட்டி கழுத்தில் கிடந்த காசு.

ஓராண்டு கழித்து, வாங்கலாம் என்று தோன்றும்போது என்ன வாங்குவது? என் ஆலோசனை 1808 என்று ஆண்டு போட்ட, சிங்கங்கள் பொறித்த கம்பெனியின் இருபது காசு. இங்கிலாந்தில் பர்மிங்காமை ஒட்டி மாத்யூ போல்டன் நீராவி இயந்திரம் வைத்து நடத்திய சோஹோ நாணயச்சாலையில், சென்னை மாகாணத்துக்காகவே அடித்தது. அப்படி அடித்த செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் புறப்பட்டது. இங்கிலாந்துக் கரை தாண்டுமுன்பே புயலில் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். ஆகவே இன்று அது எளிதாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'இருபது காசு நான்கு ஃபுலூசுக்குச் சமம்' என்ற கணக்கு. 'காசு' என்ற நம் சொல் பாரசீக எழுத்தில் எழுதப்பட்டு, பர்மிங்காமில் அடிக்கப்பட்டு, சென்னைக்குக் கிளம்பி வந்து சேராமல் கடலில் கிடந்தது. அதே சொல்தான் போர்த்துகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தென்னிந்தியச் செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் வைத்த 'கேஷ்' என்ற பெயராயிற்று. உங்கள் கைக்கு வரும்போது அந்தக் காசு தன் பயணத்தை முடிக்கிறது.

படிக்க விரும்புகிறவர்களுக்கு: பரமேஸ்வரி லால் குப்தா நேஷனல் புக் டிரஸ்டுக்காக எழுதிய 'காயின்ஸ்' என்ற சிறிய நூல் முதலில். தென்னிந்தியக் காசுகளுக்கு தேசிகாச்சாரியின் 1933-ஆம் ஆண்டு நூல். சங்ககாலத்துக்கு இரா. கிருஷ்ணமூர்த்தியின் 1997-ஆம் ஆண்டு நூல். மூன்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். கையில் ஒரு காசு இருக்கும்போது அந்தக் காசுக்கான பக்கத்தை மட்டும் படியுங்கள்.

மேடைக்கு இடப்பக்கம் மேசையில் கறுப்புத் துணி விரித்த தட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் அம்மன் காசு இரண்டு இருக்கின்றன. ஒன்று பெரியவர் கொடுத்தது, முகம் தெளிவாக இருக்கும். மற்றது என் அப்பத்தா கொடுத்தது. லென்ஸும் பக்கத்திலேயே இருக்கிறது. வரிசையாக வந்து, விளிம்பைப் பிடித்து எடுத்துப் பாருங்கள்.